லாரிக்கு மூக்கு எவ்வளவு நீளம்? முதலில் சட்டத்தின் அளவுகோலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரியின் மூக்கு என்று நாங்கள் சொல்வது கேபினுக்கு முன்னால் நீட்டி நின்று இன்ஜினை மூடும் பானெட்டை. நின்றிருந்த லாரியின் பின்னால் இன்னொரு லாரி மோதி ஓட்டுநர் இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம், எங்கள் காரைக்குடி வட்டாரத்து லாரி செட்டுகளில் ஒரே பேச்சுதான். "பழைய மூக்கு லாரியா இருந்தா ஆள் பிழைச்சிருப்பான். கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்க மூக்கை அறுத்துட்டான். அமெரிக்காவுல பாருங்க." அமெரிக்க, கனடா நெடுஞ்சாலைகளில் ஓடும் நீள மூக்கு வண்டிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இதை அப்படியே நம்புகிறார்கள். அங்கே ஓட்டப் போகிற பிள்ளைகளில் சிலர், ஊரில் நிலத்தை அடகு வைத்தாவது நீள மூக்கு வண்டிதான் வாங்குவேன் என்று நிற்கிறார்கள். இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அரசுக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

மூக்கைக் குறைத்தது கம்பெனியின் கஞ்சத்தனம் என்பது சரியில்லை. வண்டியின் நீளத்தைச் சட்டம் எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த நாட்டிலும் மூக்கு வளர்ந்திருக்கிறது, குறைந்திருக்கிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் ஒரு காலத்தில் நம் ஊர் போலத் தட்டை முக வண்டிகள் ஏராளமாக ஓடின. பல மாநிலங்கள் முன் பம்பரிலிருந்து டிரெய்லரின் கடைசி வரை மொத்தமாக அளந்து வரம்பு வைத்திருந்தன. மூக்கு ஒரு அடி நீண்டால் சரக்கு இடம் ஒரு அடி குறையும். அதனால் இன்ஜின் மேலேயே கேபினை ஏற்றி வைத்தார்கள். 1982-ஆம் ஆண்டின் தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம் அந்த முறையை மாற்றியது. தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பில் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு வைக்கக் கூடாது, 48 அடி டிரெய்லரை அனுமதித்தே ஆக வேண்டும் என்றது. அளவுகோல் டிரெய்லருக்கு மட்டும் என்று ஆனதும் இழுவை வண்டியின் நீளத்தால் யாருக்கும் நட்டமில்லை. மூக்கு திரும்ப வந்தது, தட்டை முகம் மெல்ல மறைந்தது. இன்று அங்கே வழக்கமான டிரெய்லர் மட்டுமே 53 அடி, அதாவது 16 மீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே 16.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஐரோப்பிய வண்டிக்கு ஏன் மூக்கில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

நம் நாட்டிலும் மொத்த நீளம்தான் கணக்கு. டிரெய்லர் இல்லாத லாரிக்கு 12 மீட்டர் வரம்பு. 1954-இல் டெய்ம்லர் பென்ஸ் கூட்டுறவோடு டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) லாரி செய்யத் தொடங்கிய காலத்திலும், பெட்ஃபோர்டு, ஃபார்கோ லாரிகள் ஓடிய காலத்திலும் பாடி சிறியது, சுமை குறைவு, வரம்பைத் தொடும் நிலையே வரவில்லை. பிறகு பாடி நீண்டது. டாடா 1210-இல் மூக்கு பாதியானது. டாரஸ் எனும் பல அச்சு லாரிகள், டிரெய்லர்கள் வந்த காலத்தில் முழுவதும் போய்விட்டது.

எங்கள் பகுதியின் முக்கியச் சரக்கு புதுவயல் அரிசியும் ஆத்தங்குடித் தரைக்கல்லும். இரண்டும் கனமான சரக்கு. பாடி நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். "அப்படியென்றால் மூக்குக்கு இரண்டு மீட்டர் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இடம் மிச்சம் இருந்தாலும் அச்சு ஒத்துக்கொள்ளாது. 2018-இல் திருத்திய வரம்பின்படி இரண்டு அச்சு லாரிக்கு முன் அச்சில் 7 டன், பின் அச்சில் 11.5 டன். இரண்டையும் முழுதாகப் பயன்படுத்தினால்தான் வண்டி கட்டுப்படியாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைத்தூரம்) 5.2 மீட்டர், சரக்கு 10 டன், சரக்கின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் விழுகிறது என்று வையுங்கள். முன் அச்சுக்குப் போகும் பங்கு 10 × 0.9 ÷ 5.2, ஏறக்குறைய 1.7 டன். வண்டியின் நீளத்தையும் வீல்பேஸையும் மாற்றாமல் 1.2 மீட்டர் மூக்கு வைத்தால் பாடியின் முன்பக்கம் 1.2 மீட்டர் வெட்டுப்படும், சரக்கின் நடுப்புள்ளி 0.6 மீட்டர் பின்னுக்குப் போகும். இப்போது முன் அச்சுக்கு 0.6 டன்கூட முழுதாகப் போவதில்லை. ஏறத்தாழ 1.15 டன் கூடுதலாகப் பின் அச்சில் உட்காருகிறது. மொத்த எடை சரியாக இருந்தும் எடை மேடையில் பின் அச்சு மட்டும் மாட்டும். பின் டயர் சூடேறி வெடிப்பது, பின் பட்டை (ஸ்பிரிங் தகடு) முறிவது, ஈர ரோட்டில் முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் நேரே இழுப்பது எல்லாம் இதன் தொடர்ச்சி. பவர் ஸ்டீயரிங் இல்லாத நாளில் முன்பாரம் குறைவாக இருந்தது வசதியாக இருந்தது. இன்று அந்த வசதிக்குத் தேவை இல்லை.

எங்கள் ஊர்களின் தெரு அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை எங்கும் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. தெருக்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. மதில் தெரு ஓரம் வரை வந்து நிற்கிறது. தட்டை முக லாரியில் ஓட்டுநரின் கண் வண்டி முனையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் பின்னால் இருக்கும். நீள மூக்கு வண்டியில் 2.7 மீட்டர் அல்லது அதற்கு மேல். மதில் முனையில் குறுக்குத் தெருவை ஓட்டுநர் பார்ப்பதற்கு முன்பே அவ்வளவு இரும்பு அந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்கும். சைக்கிளில் வருகிற பள்ளிப் பிள்ளைக்கு ஒதுங்க நேரம் கிடைக்காது.

வண்டிக்கு முன்னால் தரை எங்கிருந்து தெரியத் தொடங்குகிறது என்பதை ஒரு டேப்பை வைத்து யாரும் கணக்கிடலாம். மூன்று அளவு போதும்: தரையிலிருந்து ஓட்டுநரின் கண் உயரம், பார்வையை மறைக்கும் விளிம்பின் உயரம், கண்ணிலிருந்து அந்த விளிம்புக்குப் படுக்கைவாக்கில் உள்ள தூரம். கண் உயரத்தைத் தூரத்தால் பெருக்குங்கள். கண் உயரத்திலிருந்து விளிம்பு உயரத்தைக் கழித்து, அந்த விடையால் வகுங்கள். கண்ணிலிருந்து எத்தனை மீட்டரில் தரை தெரியும் என்பது வந்துவிடும்.

நீள மூக்கில் கண் 2.4, பானெட் முனை 1.7, இடைத்தூரம் 2.7 மீட்டர் என்றால் விடை 9.2-க்குச் சற்று மேல். மூக்கைக் கழித்தால் வண்டி முனைக்கு முன்னால் 6.5 மீட்டர் தரை தெரியாது. பெரிய லாரிக்கு முன்னால் 20 அடி ஓட்டுநருக்குத் தெரியாத இடம் என்று அமெரிக்க அரசு சொல்வதும் இதற்கு நெருங்கிய அளவுதான். அதே நீள மூக்கில் முனையை 25 சென்டிமீட்டர் தாழ்த்திச் சரித்தால் 6.5 மீட்டர் 4.1 மீட்டராகக் குறைகிறது. மூக்கின் நீளத்தைவிட அதன் சரிவு முக்கியம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும்.

தட்டை முகத்திலும் முழு நிம்மதி இல்லை. கண் 2.5, கண்ணாடியின் கீழ் விளிம்பு 1.9, இடைத்தூரம் 0.9 என்றால் வண்டிக்கு முன்னால் 2.6 மீட்டருக்குச் சற்று மேல் தரை தெரியாது. ஒரு மீட்டர் உயரக் குழந்தை பம்பரிலிருந்து 1.1 மீட்டருக்குள் நின்றால் தலைமுடிகூடத் தெரியாது. டேஷ்போர்டில் சாமி படம், பூமாலை, துண்டு, தண்ணீர் பாட்டில் என்று அடுக்கும்போது விளிம்பு இன்னும் 10, 15 சென்டிமீட்டர் உயருகிறது. சாமி படத்தைக் கண்ணாடிக்கு மேலே மாட்டுங்கள். கீழ் விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். லண்டன் நகரத்தில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் நேரடிப் பார்வைக்கு நட்சத்திர மதிப்பு கொடுத்து, 2021 மார்ச்சில் கட்டாயமாக்கினார்கள். 2024 அக்டோபரில் வரம்பை மூன்று நட்சத்திரத்துக்கு உயர்த்தினார்கள். அதை எட்டாத வண்டியில் கேமரா, சென்சார் முதலிய கூடுதல் கருவிகள் இருந்தால்தான் நகருக்குள் விடுவார்கள். நம் ஊரில் இந்தப் பேச்சே தொடங்கவில்லை.

சரி, மூக்கு உயிரைக் காக்குமா? நேருக்கு நேர், பம்பரோடு பம்பர் மோதினால் ஓரளவு காக்கும், மறுக்கவில்லை. நசுங்க இடம் இருக்கிறது. ஓட்டுநரும் முன் அச்சுக்குப் பின்னால் உட்காருவதால் குலுக்கலும் குறைவு. ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் ஓட்டுநரைக் கொல்லும் மோதல்களில் ஒன்று, நின்றிருக்கும் வண்டியின் பின்பக்கம் மோதுவது. எதிரில் உள்ள பாடியின் தளம் தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூக்கின் வலுவான கீழ்ப்பகுதி அதன் அடியில் புகுந்துவிடும், தளத்தின் விளிம்பு மேலே உள்ள பானெட்டைக் கிழித்துக்கொண்டு கண்ணாடிக்கு வரலாம். நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமலே உள்ளே போய்விடுகிறது. இந்த இடத்தில் ஆளைக் காப்பது முன் வண்டியின் பின்பக்கத் தடுப்புக் கம்பி, பிரதிபலிக்கும் பட்டை, நிறுத்தும் இடம் இவைதான். தேசிய நெடுஞ்சாலை 536-இல் திருமயத்திலிருந்து தேவகோட்டை வரை இரவில் போய்ப் பார்த்தால் தெரியும். பின் தடுப்புக் கம்பி எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் இருக்கிறது, சரக்கு ஏற்றும்போது வளைந்து தொங்குகிறது, பிறகு கழற்றிப் பட்டறையில் சாத்தப்படுகிறது. மூக்கைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் இதைப் பேசலாம்.

இனி வெளிநாட்டில் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. அங்கே நீள மூக்கு, குட்டை மூக்கு என்று சண்டை போடுவது பெரும்பாலும் பழைய பாணி வண்டிகளைப் பற்றி. பீட்டர்பில்ட் 379-இல் பம்பரிலிருந்து கேபின் பின்சுவர் வரை குட்டைக்கு 119 அங்குலம், நீளத்துக்கு 127. கென்வொர்த் டபிள்யூ900-இல் குட்டை 120, நீளம் 130. வித்தியாசம் 8 முதல் 10 அங்குலம்தான். காற்றைக் கிழிக்கும் வகையில் சரித்துக் கட்டிய ஃப்ரைட்லைனர் கேஸ்கேடியாவே 116, 126 என்று இரண்டு அளவில் வருகிறது. அதன் 126, பீட்டர்பில்ட் 379-இன் நீள மூக்குக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. இருந்தும் எரிபொருள் கணக்கு வேறு, பார்வைக் கணக்கு வேறு. காரணம் அந்தச் சரிவு.

எரிபொருளில் ஏமாறாதீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60 கிலோமீட்டரில் இருப்பதைவிட 100-இல் அது 2.8 மடங்கு. நம் சாலை வேகத்தில் மூக்கின் வடிவம் பெரிதாகத் தெரியாது, அங்கே அதுதான் லாபம். ஒரு வண்டி கேலனுக்கு 6 மைல், இன்னொன்று 7 மைல் என்றால் ஒரு லட்சம் மைலுக்கு 2,381 கேலன் வித்தியாசம். அன்றைய டீசல் விலையால் பெருக்கிக் கடன் தவணையின் பக்கத்தில் எழுதி வையுங்கள். பெட்டி டிரெய்லரோடு ஊர் விட்டு ஊர் ஓடுகிறவருக்கு நிமிர்ந்த மூக்கும் வெளியே நிற்கும் காற்று வடிகட்டியும் மேல்நோக்கிய இரட்டைப் புகைக்குழாயும் ஆசைக்குச் செலுத்தும் வரி.

நீள மூக்குக்கு உண்மையான வேலையும் உண்டு. பெரிய ரேடியேட்டருக்கும் 15 லிட்டர் இன்ஜினைச் சுற்றிக் கை நுழைவதற்கும் அதில் இடம் அதிகம். மலையில் பாரம் இழுப்பவருக்கு அது பயன். இன்னொன்று பால எடை விதி, அதாவது பாலங்களைக் காக்க அச்சுகளின் இடைவெளியைப் பொறுத்து எடைக்கு வரம்பு வைக்கும் விதி. அமெரிக்காவில் ஐந்து அச்சு வண்டி 80,000 பவுண்டு ஏற்ற, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 51 அடி வேண்டும். டேங்கர், டிப்பர் டிரெய்லர்கள் குட்டையானவை. அங்கே முன் அச்சை பம்பருக்கு நெருக்கமாகத் தள்ளி வைத்த வண்டி அந்த இடைவெளியை எட்ட உதவும். 53 அடிப் பெட்டி இழுப்பவருக்கு அந்தக் கவலையே இல்லை. அவருக்கு முன் அச்சைப் பின்தள்ளி வைத்த வண்டிதான் திரும்ப எளிது. திருப்பத்தில் முன் வெளிச் சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம், வீல்பேஸைச் சக்கரம் ஒடியும் கோணத்தின் சைன் (sin) மதிப்பால் வகுத்தால் ஏறக்குறைய வரும். 6.6 மீட்டர் வீல்பேஸ், 40 பாகை என்றால் 10.3 மீட்டர். 5 மீட்டர், 50 பாகை என்றால் 6.5 மீட்டர். கிடங்கு வாசலில் பின்னோக்கி எடுக்கும்போது அந்த 3.8 மீட்டரின் அருமை தெரியும். முன் அச்சு பின்தள்ளிய வண்டியில் ஒரே எச்சரிக்கை: டிரெய்லர் உட்காரும் தட்டை மிகவும் முன்னுக்கு நகர்த்தினால் முன் அச்சில் எடை கூடிப்போகும். எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

பழைய நீள மூக்கு வண்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது: பானெட் ஃபைபரால் ஆனது, மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். கீல் அருகே வெடிப்பு, ஒட்டுப் போட்ட தடம், தேய்ந்த கீல் புஷ் (கீலுக்குள் இருக்கும் வளையம்), தளர்ந்த ரப்பர் கொக்கி இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். புஷ் போனால் பானெட் ஓடும்போது கேபினில் உரசும், பிறகு வெடிக்கும். திறக்க முன்னால் ஒரு ஆள் நீள இடமாவது வேண்டும். பலமான காற்றில் திறந்து வைத்தால் பிடியை மீறிச் சாயும்.

நம் ஊர்த் தட்டை முகத்தில் கேபினையே கவிழ்க்க வேண்டும். விபத்து நடப்பதெல்லாம் அவசரத்தில்தான். சம தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஸ்டவ், ஜாக்கி, கேன் எல்லாவற்றையும் இறக்குங்கள், இல்லாவிட்டால் முன் கண்ணாடி உடையும். மேலே மின்கம்பி, மரக்கிளை பாருங்கள். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. வால்வைத் திருப்பி பம்ப் அடித்து முழுக் கோணத்துக்குக் கொண்டு போய்த் தாங்கு கம்பியின் பூட்டைப் போட்ட பிறகுதான் அடியில் தலையை விட வேண்டும். பாதியில் நிறுத்தி எட்டிப் பார்க்கவே கூடாது, சீல் போன சிலிண்டர் சொல்லாமல் இறங்கும். இறக்கியதும் பின் பூட்டு முழுதாக விழுந்ததா, எச்சரிக்கை விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். ஓடும்போது கேபின் குதித்தால் பட்டையைக் குறை சொல்லும் முன் பூட்டின் புஷ்ஷைப் பாருங்கள். கேபின் சூட்டுக்கும் அப்படித்தான். இன்ஜின் மேட்டின் அடியில் உள்ள வெப்பத் தடுப்பு விரிப்பு கிழிந்திருக்கும், கியர் லிவர் ரப்பர் உறை ஓட்டையாக இருக்கும், அல்லது புகைக்குழாய் இணைப்பு கசியும். 2025 முதல் புதிய கனரக லாரிகளில் ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. மேலே சொன்ன மூன்றும் கெட்டிருந்தால் அந்த ஏசியும் தோற்கும்.

இனி கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தன் நீள விதியைத் திருத்தியது. கேபினின் முன்பக்கத்தை உருட்டி நீட்டினால், அதனால் பார்வையும் பாதுகாப்பும் எரிபொருள் சிக்கனமும் கூடினால், அந்த நீட்சியால் வண்டி வழக்கமான நீள வரம்பைத் தாண்டலாம். சரக்கு இடம் மட்டும் ஒரு அங்குலமும் கூடக் கூடாது. 2020 செப்டம்பரிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. 2021-இல் டாஃப் கம்பெனி கேபினை முன்னால் 16 சென்டிமீட்டர் நீட்டி வண்டி கொண்டுவந்தது. பழைய பாணி மூக்கு இல்லை, முழங்காலுக்கு முன்னால் நசுங்க ஒரு சாண் இடம். தெருவுக்கும் தொல்லையில்லை, சரக்குக்கும் நட்டமில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் நீளத்தைச் சொல்லும் 93-ஆம் விதியில் இதே போல் ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும். பாடி நீளத்துக்குத் தனி உச்சவரம்பு வைத்துவிட்டால் அந்த விலக்கைச் சரக்குக்குத் திருப்ப முடியாது. கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாழ்த்தி, ஒரு மீட்டர் உயரக் கம்பு பம்பர் முன்னால் எவ்வளவு அருகில் தெரிய வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். நீட்டிய கேபின் நம் தெருக்களில் திரும்புமா என்பதற்கு ஐரோப்பாவின் வட்டச் சோதனையே போதும்: வெளி ஆரம் 12.5 மீட்டர், உள் ஆரம் 5.3 மீட்டர், இந்த இரு கோட்டுக்குள் வண்டி திரும்ப வேண்டும். விதி வருவதற்குக் காலம் ஆகலாம். பின் தடுப்புக் கம்பியைச் சாலையிலேயே சோதிக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. போக்குவரத்துத் துறை இந்த வாரமே திருமயம் சாலையில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறைக்காரர் ஒருவர்,
காரைக்குடி